டீச்சரின் கடியும் செவ்வாய்க்கிழமைக் கூட்டமும்

அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. அந்த முதியோர் இல்லத்தில் அவளைவிட மெதுவாக நகர்வது லிப்ட் ஒன்றுதான். ஒரு காலத்தில் அந்த லிப்ட்டைப் பழுதுபார்க்க வந்த மெக்கானிக்தான் அவளைக் கட்டிக்கொண்டான். "ரெண்டையும் பார்த்தேன், ரெண்டையும் வேகமாக்க முடியல. ஒண்ணை மட்டும் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்று வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்வான். அவள் அதற்குச் சிரிக்க மாட்டாள். காபி டம்ளரை அவன் முன்னால் வைக்கும்போது ஓசை கொஞ்சம் அதிகமாக வரும், அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த தாளில் 'பராமரிப்பு உதவியாளர்' என்று போட்டிருந்தது. ஆனால் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் 'இந்தாம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். இந்தாம்மாவின் வேலை, கீழ்த்தளத்தில் இருக்கும் வயதானவர்களை எழுப்புவது, குளிப்பாட்டுவது, உடுத்துவது, ஊட்டுவது, வெயில் படும் இடத்தில் உட்கார வைப்பது, வெயில் நகர்ந்ததும் அவர்களையும் நகர்த்துவது.

அவள் மெதுவாக இருப்பதற்குக் காரணம் உடம்பு அல்ல, வாய். ஒருவருக்குச் சட்டை மாட்டுவதென்றாலும் அவரவர் கைகாலிடம் தனித்தனியாக அனுமதி கேட்பாள். "வலது கை வரீங்களா? வந்துட்டார், நல்ல பிள்ளை. இடது கையார் என்ன கோவமா? சரி, கொஞ்ச நேரம் கழிச்சு வரட்டும், அவசரமில்லை." வாரக்கணக்கில் யாரோடும் பேசாத ஒரு பெரியவர், இந்த இடது கை விவகாரத்தில் மட்டும் வாயைத் திறந்து, "அவனுக்கு எப்பவும் அப்படித்தான்" என்று சொன்னாராம். அன்று முழுக்க அவள் கால் தரையில் இல்லை. வேகம் மட்டும் அதே வேகம்தான்.

கீழ்த்தளத்தின் மூலை அறையில் டீச்சர் இருந்தார். ஊரில் பாதிப் பேருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். இப்போது தன் வயதே அவருக்குக் கணக்கில் வரவில்லை. ஆனால் ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்தும் இடம். காலையில் கார்களும் ஸ்கூட்டர்களும் ஒவ்வொன்றாக வந்து நிற்கும்போது டீச்சர் முதுகை நிமிர்த்திக்கொண்டு வகுப்பெடுப்பார். "நீலம், கோட்டைத் தாண்டாதே. சிவப்பு, ஏன் லேட்டு?" கோணலாக நிறுத்திய வண்டிகளை நாள் முழுக்க முறைத்துக்கொண்டிருப்பார். இல்லத்தில் வேலை செய்யும் கணக்காளர் ஒருவர், டீச்சர் பார்வைக்குப் பயந்து, வண்டியை இரண்டாம் முறை திருப்பி நிறுத்துவதை எக்ஸ்பிரஸே பார்த்திருக்கிறாள்.

இவ்வளவு நல்ல டீச்சரிடம் ஒரு கெட்ட பழக்கம். கடிப்பார்.

முகம் துடைக்கும்போது, பல் தேய்க்கும்போது, தலையணை சரிசெய்யும்போது திடீரென்று கையைப் பிடித்து முன்கையில் ஒரு கடி. பிறகு ஒன்றும் நடக்காததுபோல ஜன்னலைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். கீழ்த்தளத்தில் வேலை பார்த்த நான்கு பெண்களும் கடி வாங்கியவர்கள். "டீச்சர் இன்னைக்கு யார் கையில கையெழுத்து போட்டாங்க?" என்பது துணி அறையில் தினசரி விசாரிப்பு. ஆனால் துணி அறைக் கதவுக்கு வெளியே அந்தப் பேச்சு போகாது. அடுப்பங்கரைபோலக் கொதிக்கும் கோடையிலும் நான்கு பேரும் சீருடைக்குள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேர்வையில் நனைந்தார்கள். தலைமை நர்ஸை எல்லாரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். அவர் அதைப் பார்த்து, "சுத்தத்துல கீழ்த்தளத்தைப் பார்த்துக் கத்துக்கோங்க" என்று மாடிக்காரர்களிடம் சொல்லிவிட்டார். பாவம், மாடிக்காரர்களும் வேர்க்கத் தொடங்கினார்கள்.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. முன்பு கீழ்த்தளத்தில் ஒரு தையல்காரர் இருந்தார். குளிக்க வைத்தால் குத்துவார். ஒருத்தி போய் உண்மையைச் சொன்னாள். அவரை மாடிக்கு மாற்றினார்கள். மாடி என்றால் பூட்டிய கதவு, பாதிவரை மங்கலாக்கிய ஜன்னல் கண்ணாடி, காலையும் மாலையும் தூக்க மாத்திரை. ஒரு தடவை எக்ஸ்பிரஸ் போர்வை கொடுக்க மாடிக்குப் போனபோது தையல்காரர் நாற்காலியில் தாடை நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார். "அண்ணே, என்னைக் குத்துங்க பார்ப்போம்" என்று காதருகே சொல்லிப் பார்த்தாள். அவர் கை மடியிலேயே கிடந்தது. அதற்குப் பிறகு கீழ்த்தளத்தில் யாரும் யாரிடமும் எதையும் சொல்வதில்லை. யாரும் சத்தியம் வாங்கவில்லை, யாரும் கூட்டம் போடவில்லை. தானாக அமைந்த வழக்கம் அது.

இந்த நிலையில்தான் பெரிய சிஸ்டருக்கு ஒரு யோசனை வந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் டாக்டர், சிஸ்டர், கைகால் பயிற்சி கொடுக்கும் பிசியோ தம்பி, வீட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, யாரை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று முடிவெடுப்பார்கள். "நாள் முழுக்க அவங்க கூடவே இருக்கறது நீங்க. நீங்க இல்லாம நாங்க என்ன முடிவெடுக்கறது? இனிமே உங்கள்ல ஒருத்தர் கூட்டத்துக்கு வரணும்" என்றார்.

துணி அறையில் நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை குளியல் நேரம். ஒருத்தி கூட்டத்துக்குப் போனால் மீதி மூன்று பேர் முதுகு உடையும்.

"எக்ஸ்பிரஸ் போகட்டும்" என்றாள் ஒல்லி. ஒல்லி என்றால் உண்மையிலேயே ஒல்லி. அவளுக்குப் பெயர் வைத்தவருக்குக் கற்பனை குறைவு.

"ஏன்டி நானு?"

"நீ இல்லேன்னா வேலை சீக்கிரம் முடியும்க்கா."

இதைவிட நல்ல தேர்தல் முறை இருப்பதாகத் தெரியவில்லை. எக்ஸ்பிரஸ் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாள்.

முதல் கூட்டத்தில் அவள் நாற்காலியின் நுனியில், எழுந்திருக்கத் தயாராக, உட்கார்ந்தாள். டாக்டர் எதிரே. கார் சாவியை மேசைமேல் வைத்து விரலால் சுற்றிக்கொண்டே இருந்தார். பெரிய சிஸ்டர் ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்டார். அவளும் பதில் சொன்னாள்.

"பன்னிரண்டாம் அறை?"

"நல்லா இருக்காங்க சிஸ்டர்."

"பதிமூணு?"

"அவரும் நல்லா இருக்காரு."

"பதினாலு?"

"ரொம்ப நல்லா இருக்காரு."

"பதினாலு சனிக்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரேம்மா."

பிசியோ தம்பி இருமுவதுபோலச் சிரித்தான். ஊரையே பேசி மயக்குகிறவள், அந்த மேசைக்கு வந்ததும் நாக்கை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வந்ததுபோல ஆகிவிட்டாள். அவளுக்கு அது கூட்டமாகத் தெரியவில்லை, விசாரணையாகத் தெரிந்தது. வாயைத் திறந்தால் யாராவது ஒருவர் மாடிக்குப் போய்விடுவார் என்று பயம்.

அப்படியே சில வாரங்கள் ஓடின. ஒரு செவ்வாய்க்கிழமை டீச்சரின் மகன் வந்திருந்தார். டை கட்டிய, தூக்கம் குறைந்த மனிதர். பெரிய சிஸ்டர் சொன்னார்: "உங்க அம்மா ரொம்ப அமைதியா, சந்தோஷமா இருக்காங்க. தனி அறை இன்னொருத்தருக்கு அவசரமா தேவைப்படுது. அம்மாவை ரெண்டு பேர் அறைக்கு மாத்தலாம்னு பார்க்கிறோம். பேச்சுத்துணையும் கிடைக்கும்."

"அம்மாவுக்குச் சம்மதம்னா எனக்குச் சரி" என்றார் மகன்.

பெரிய சிஸ்டர் எக்ஸ்பிரஸ் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன நினைக்கிறீங்க? டீச்சர் எப்படி இருக்காங்க?"

வாய் பழக்கதோஷத்தில் திறந்துகொண்டது. "நல்லா இருக்காங்க சிஸ்டர்."

முடிந்தது. வெள்ளிக்கிழமை மதியம் கட்டிலை மாற்றுவதென்று தீர்மானம்.

நடைபாதைக்கு வந்தபிறகுதான், ரெண்டு பேர் அறையில் இருக்கும் இன்னொருவர் யார் என்று அவள் மண்டையில் உறைத்தது. சிட்டு. பேருக்கேற்ற உடம்பு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், லேசாக இடித்தாலே கன்றிப்போகும் தோல். போதாக்குறைக்கு யார் பக்கத்தில் வந்தாலும் கையைப் பிடித்துக்கொண்டு கன்னத்தைத் தடவிக்கொடுப்பது அவர் வழக்கம். டீச்சரின் கன்னத்தைத் தடவினால் என்ன ஆகும் என்பது நான்கு முழுக்கைச் சட்டைகளுக்கு மட்டும்தான் தெரியும்.

"போய்ச் சொல்லிடறேன்" என்றாள் துணி அறையில்.

"சொல்லு. டீச்சர் நேரா மாடிக்குப் போவாங்க, ஜன்னலும் போச்சு காரும் போச்சு. நாம நேரா வீட்டுக்குப் போவோம்" என்றாள் ஒல்லி. "இத்தனை மாசமா தினக் குறிப்புல 'அமைதியா இருந்தார்'னு எழுதினது யாரு? நாமதானே."

வேலைக்கு வந்து கொஞ்ச காலமே ஆன பெண்ணுக்குப் புதுசு என்று பெயர். அவள் அழத் தொடங்கினாள். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய பெரியக்கா மட்டும் தலையணை உறையை மடித்தபடி, "சொல்லாமலே அறை மாத்தறதை நிறுத்த வழி இருக்குமா பாருங்க" என்றார்.

வழி பார்த்தார்கள். பார்த்த வழியெல்லாம் பள்ளிக்கூடப் பின்பெஞ்சுக்காரர்கள் பார்க்கும் வழி. புதன்கிழமை ரெண்டு பேர் அறையின் குழாய் மர்மமான முறையில் ஒழுகத் தொடங்கியது. பெரிய சிஸ்டர் ஒரு மணி நேரத்தில் ஆள் கூட்டி வந்து புதுக்குழாயே போட்டுவிட்டார். மூலையில் சர்க்கரை தூவி எறும்பு வரவழைத்தார்கள். எறும்பு மருந்து வந்தது, கூடவே சுவருக்கு ஒரு கை பெயின்ட்டும் வந்தது. கட்டில் கதவுக்குள் நுழையாது என்று ஒல்லி அடித்துச் சொன்னாள். பிசியோ தம்பி டேப் பிடித்து அளந்து, "தாராளமா நுழையும்க்கா" என்று உற்சாகமாகக் கட்டைவிரலைக் காட்டினான். வியாழக்கிழமை சாயங்காலம் அந்த அறை அந்த இல்லத்திலேயே அழகான அறையாக ஆகிவிட்டது. சிட்டு புதுப் பெயின்ட் வாசனையில் உட்கார்ந்து, வரப்போகிற தோழிக்காகத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்ததும் எக்ஸ்பிரஸ் திரும்பி நடந்தாள். பெரிய சிஸ்டர் அறைக்குள் அவள் போன வேகத்தைப் பார்த்தவர்கள் பட்டப்பெயருக்கு அன்றுதான் அர்த்தம் வந்ததாகச் சொன்னார்கள்.

"சிஸ்டர், கூட்டத்தை மறுபடி போடணும்."

"செவ்வாய்க்கிழமை இருக்கேம்மா."

"தாங்காது சிஸ்டர். நாளைக்குக் காலையில. டாக்டரும் வேணும்."

"என்ன விஷயம்?"

"ஒரு தடவைதான் சொல்ல தைரியம் இருக்கு. ரெண்டு தடவை சொல்லச் சொல்லாதீங்க."

பெரிய சிஸ்டர் போனை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் முகத்தில் தூக்கமும் எரிச்சலும் சரிபாதி. எக்ஸ்பிரஸ் இம்முறை நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தாள். "டீச்சர் நல்லா இல்லை. கடிக்கிறாங்க. ரொம்ப நாளா கடிக்கிறாங்க. நாங்க மறைச்சோம்" என்றாள். பிறகு சட்டைக் கையைச் சுருட்டினாள். சுருட்டும்போதுகூட மெதுவாகத்தான்.

பெரிய சிஸ்டரின் கண் அந்த முன்கையிலேயே நின்றது. "சுத்தத்துக்காகன்னு நினைச்சேன்" என்றார் கடைசியில். குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எக்ஸ்பிரஸுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு கதவுப் பக்கம் பார்த்து, "வெளியே நிக்கிற மூணு பேரும் உள்ளே வாங்க. அது கண்ணாடிக் கதவு" என்றார்.

ஒல்லியும் பெரியக்காவும் புதுசும் உள்ளே வந்து வரிசையாகக் கையை நீட்டினார்கள்.

"கடிக்கிறவங்களைக் கீழே வச்சுக்க முடியாது" என்றார் டாக்டர். "மாடியில இடம் இருக்கா சிஸ்டர்?"

"சார்" என்றாள் எக்ஸ்பிரஸ். "மாடிக்கு அனுப்பறதுன்னா நாங்க நாலு பேரும் இதுவரைக்கும் கடி வாங்கினது எதுக்குன்னே இல்லாம போயிடும். எங்களை என்ன பண்ணணுமோ பண்ணுங்க. அவங்களைப் பத்தி ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு முடிவெடுங்க. என்னை இந்த மேசையில உட்கார வச்சது அதுக்குத்தானே?"

டாக்டர் சாவியைச் சுற்றுவதை நிறுத்தினார். அதற்குள் பிசியோ தம்பி குனிந்து கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். "சார், இது எல்லாமே பாதியா இருக்கே" என்றான்.

இருந்தது. பழைய தழும்பானாலும் புதிய காயமானாலும், வளைவின் ஒரு பக்கம் அழுந்தப் பதிந்திருந்தது. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு கேள்விமேல் கேள்வி. எப்போது கடிக்கிறார், எந்தக் கன்னத்தைத் தொட்டபோது, சாப்பிடும்போது எந்தப் பக்கம் மெல்லுகிறார். நான்கு பேரும் ஒரே நேரத்தில் நான்கு பதில் சொன்னார்கள். இடது என்றாள் ஒல்லி. "உனக்கு இடது, அவங்களுக்கு வலதுடி" என்றார் பெரியக்கா. தங்களுக்குள் சண்டை போட்டு, புதுசுவை டீச்சராக உட்கார வைத்து முகத்தைத் துடைத்துக் காட்டி, ஒருவழியாக எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றது. வலது கன்னம்.

"இதை நீங்க உங்களுக்குள்ளகூட பேசிக்கிட்டதில்லையா?" என்று கேட்டார் டாக்டர்.

"யாரு கையில கடின்னு கேட்டுக்குவோம் சார். ஏன், எப்படின்னு பேசினதில்லை. பேசினா வாய் தவறி வெளியே வந்துடும்னு பயம்."

கட்டில் மாற்றம் நின்றது. மாடிப் பேச்சும் அப்போதைக்கு நின்றது. மதியமே பல் டாக்டர் வந்தார். டீச்சரின் வாயைத் திறக்க வைக்க எக்ஸ்பிரஸ் அவருடைய கீழுதட்டிடமும் மேலுதட்டிடமும் தனித்தனியாகக் கெஞ்ச வேண்டியிருந்தது. வலது கடைவாய்ப் பல் சொத்தையாகி, அடியில் சீழ் கட்டியிருந்தது. பல மாதமாக இருந்திருக்கும் என்றார் பல் டாக்டர்.

அன்று மாலை அவள் வீட்டில் ஒன்றும் பேசவில்லை. லிப்ட் மெக்கானிக் அதைக் கண்டு அரண்டுபோய், டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"வேலை போயிடுச்சா?"

"இல்லை. எச்சரிக்கைக் கடிதம். நாலு பேருக்கும்."

"பின்னே?"

"அவங்களுக்குப் பல்வலிங்க. நாங்க என்னவோ அவங்களைக் காப்பாத்தறோம்னு நினைச்சுக்கிட்டு, வலியோட உட்கார வச்சிருந்தோம்."

எழுந்து போய் அவனே காபி போட்டான். வாயில் வைக்க முடியாத காபி. அவள் முழுசாகக் குடித்தாள்.

பல்லைப் பிடுங்கியபின் டீச்சர் ரொட்டியை வலது பக்கம் மெல்லத் தொடங்கினார். முகம் துடைக்கும்போது கழுத்தை நீட்டிக் காட்டினார். சட்டைக் கைகள் மடங்கி முழங்கைக்கு மேலே ஏறின. ஆனால் கூட்டத்தில் டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம், மறுபடி கடித்தால் மாடியைப் பற்றிப் பேசித்தான் ஆகவேண்டும் என்று.

மறுபடி கடித்தார். அடுத்த மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. புதுசுவின் மணிக்கட்டில்.

துணி அறையில் உலர்த்தும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. ஒல்லி கதவைச் சாத்தினாள். "அக்கா, இந்த ஒண்ணை விட்டுடு. ஒரே ஒண்ணு. பல்லு பிடுங்கியும் கடிச்சாங்கன்னு தெரிஞ்சா அவ்வளவுதான். நாளைக்குக் கூட்டத்துல வாயைத் திறக்காதே."

"நான் வேணும்னா பூனை பிராண்டிச்சுன்னு சொல்லிடறேன்க்கா" என்றாள் புதுசு.

"உங்க வீட்டுப் பூனைக்கு மனுஷப் பல்லா?" என்றாள் எக்ஸ்பிரஸ். அன்று இரவு அவள் புரண்டு புரண்டு படுத்ததில் லிப்ட் மெக்கானிக் தலையணையோடு ஹாலுக்குப் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை. மூன்று அறைகள் முடிந்தன. பெரிய சிஸ்டர், "டீச்சர்?" என்றார்.

எக்ஸ்பிரஸ் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நேத்து கடிச்சாங்க. புதுசா வந்த பொண்ணு கையில. ரத்தம் வரலை, பல்லு பதிஞ்சிருக்கு."

டாக்டரின் விரலில் கார் சாவி மறுபடி சுற்றத் தொடங்கியது. அவளுக்கு அந்தச் சாவியில் மாடியின் பூட்டு கண்ணுக்குத் தெரிந்தது.

"எந்த நேரம்?" என்றார் டாக்டர்.

"காலையில. குளிக்கக் கூட்டிட்டுப் போகும்போது."

"அப்போ என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"ஜன்னல்கிட்ட. வண்டிங்க வந்துட்டிருந்தது. பாதி வண்டி நின்னு பாதி நிக்கலை. இவ நேரமாச்சுன்னு நாற்காலியைப் பின்னாடி இழுத்திருக்கா."

"பாதி வகுப்புல இழுத்தா யாருக்குத்தான் கோவம் வராது?" என்றான் பிசியோ தம்பி.

பெரிய சிஸ்டர் பேனாவை எடுத்தார். "வண்டியெல்லாம் வந்து முடிஞ்சப்புறம் குளிக்க வச்சா முடியுமா?"

"முடியும் சிஸ்டர். பன்னிரண்டாம் அறையை முன்னாடி எடுத்துக்கறோம். அவருக்கு எந்த நேரம்னாலும் ஒண்ணுதான்."

"அப்போ அப்படியே பண்ணுங்க. அடுத்த வாரம் சொல்லுங்க, எப்படிப் போகுதுன்னு" என்றார் டாக்டர். "அடுத்தது யாரு? சிட்டு அம்மாவா?"

அவ்வளவுதான். எக்ஸ்பிரஸுக்கு நம்பிக்கையே வரவில்லை. டீச்சர் ஏன் மாடிக்குப் போகக்கூடாது என்பதற்கு, ராத்திரி முழுக்கத் தூங்காமல், தையல்காரரிலிருந்து தொடங்கிப் பெரிய வாதம் ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தாள். அழ வேண்டிய இடம்கூட முடிவாகியிருந்தது. அதை அப்படியே தூக்கிப்போட மனம் வரவில்லை.

"சிட்டு அம்மாவைப் பத்திச் சொல்றேன் சார். அதுக்கு முன்னாடி டீச்சர் விஷயமா ஒரு ரெண்டு வார்த்தை" என்று தொடங்கினாள்.

அன்றைக்குக் கூட்டம் மதியச் சாப்பாட்டு மணி அடித்தபிறகுதான் முடிந்தது.